இருப்பது வேறு, கிடைப்பது வேறு: சீர்காழி ரங்கநாதனும் நான் கட்டிய மெனுவும்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நிறுவனத்துக்கு வலைத்தளம் செய்து கொடுத்தேன். பெயர் வேண்டாம். நிறைய ஊழியர்கள், அதைவிட நிறைய ஓய்வூதியர்கள் உள்ள பழைய நிறுவனம். நானும் இரண்டு ஜூனியர்களும் நாலு மாதம் உட்கார்ந்து கட்டினோம். வேகமாகத் திறக்கும், மொபைலில் ஒழுங்காகத் தெரியும், தமிழ் எழுத்துரு உடையாது. எங்களுக்கு ஒரே பெருமை.

மெனுவை எப்படி அமைத்தோம் தெரியுமா? நிர்வாகத்திடம் ஒரு தாள் வாங்கினோம். நிதிப் பிரிவு, பணியாளர் பிரிவு, சட்டப் பிரிவு, பொறியியல் பிரிவு என்று அவர்களுடைய நிர்வாக அமைப்பு வரைபடம். அதை அப்படியே மெனுவாக்கிவிட்டோம். ஒவ்வொரு பிரிவும் தன் பங்குக்குக் கொடுத்த பிடிஎஃப்களை அதனதன் கீழே அடுக்கினோம். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. எல்லா மேலாளர்களும் தங்கள் பிரிவு மெனுவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். இருந்தது.

தளம் வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன வேலையாக அங்கே போயிருந்தேன். கவுன்ட்டரில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் வேண்டும்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குமா. அதுலயே எடுத்துக்கலாம்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"இருக்குன்னுதான் சார் போன்லயும் சொன்னாங்க. என் பையன் ரெண்டு நாள் தேடினான். கிடைக்கலை. அதான் பஸ் ஏறி வந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே போனில் தளத்தைத் திறந்து தேடினேன். நான் கட்டிய தளம், ஆனால் எனக்கே ஐந்து நிமிடம் ஆனது. நிதிப் பிரிவு, அதற்குள் சுற்றறிக்கைகள், அதற்குள் ஒரு வருடம், அதற்குள் ஒரு எண். அந்த எண்ணிட்ட சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இணைப்பாக அந்த விண்ணப்பம் இருந்தது. கவுன்ட்டர்காரர் சொன்னது பொய்யில்லை. அந்த அம்மா சொன்னதும் பொய்யில்லை. விண்ணப்பம் இருந்தது, ஆனால் கிடைக்கவில்லை.

இருப்பதற்கும் கிடைப்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவர் சீர்காழியில் பிறந்தார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வேலை பிடிக்காத நூலகர்

சீயாழி ராமாமிர்த ரங்கநாதன் 1892-இல் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். திக்குவாய் இருந்தது. அதைப் பயிற்சியால் கட்டுப்படுத்திக்கொண்டு நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கியவர்.

சென்னைப் பல்கலைக்கழகம் முதல்முறையாக ஒரு முழுநேர நூலகரைத் தேடியபோது அந்த வேலை இவருக்குக் கிடைத்தது. நூலகத் துறையில் முன்பயிற்சி எதுவும் கிடையாது. நேர்முகத்துக்கு முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாமும் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ராத்திரி அப்படித்தானே!

1924 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே வெறுத்துப்போய்விட்டது. வகுப்பு நிறைய மாணவர்களைப் பார்த்துப் பழகிய மனிதர், ஆளில்லாத நூலகத்தில் தனியாக உட்கார வேண்டியதாயிற்று. பழைய வேலையையே திரும்பக் கொடுங்கள் என்று போய் நின்றார். ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வரவேண்டும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கணித வேலைக்கே போய்விடலாம்.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. அவரை விரட்டியது புத்தகப் பற்றாக்குறை இல்லை. புத்தகங்கள் இருந்தன, ஆட்கள்தான் இல்லை.

சங்கிலியும் மெக்கானோவும்

லண்டனில் யுனிவர்சிட்டி கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ், க்ராய்டன் பொது நூலகத்தின் தலைவர். வகுப்பறையைவிட ஊர் சுற்றியதில்தான் ரங்கநாதன் அதிகம் கற்றார் என்று நினைக்கிறேன். இங்கிலாந்து முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார். தொழிலாளர்களும் பெண்களும் குழந்தைகளும் சகஜமாக வந்துபோகும் நூலகங்கள் அவருக்குப் புதிது.

அதே நாட்டில் நேர் எதிரான ஒரு பழைய வரலாறும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்கள். ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் அப்படிப்பட்ட சங்கிலி நூலகத்தை இன்றைக்கும் பார்க்கலாம். கையால் எழுதிய புத்தகம், விலை அதிகம், போனால் வராது. சங்கிலிக்கு நியாயம் இருந்தது. ஆனால் அச்சு வந்து புத்தகம் மலிவான பிறகும் மனதில் இருந்த சங்கிலி போகவில்லை. அலமாரிகள் பூட்டியே இருந்தன. வாசகர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஊழியர் உள்ளே போய் எடுத்து வருவார். பிரிட்டனில் வாசகரை அலமாரி வரைக்கும் விட்ட முதல் பொது நூலகம் என்று லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தைச் சொல்வார்கள். ஆண்டு 1894. புத்தகமெல்லாம் திருடு போகும் என்று சக நூலகர்களே எதிர்த்தார்கள்.

இந்தச் சங்கிலிக் கதையை ரங்கநாதன் பின்னாளில் தன் புத்தகத்தில் விரிவாகவே சொன்னார். சென்னை திரும்பியதும் வாசகர்கள் தாங்களே அலமாரிகளுக்கு நடுவில் நடக்கும்படி செய்தார்.

லண்டனில் இன்னொன்றும் நடந்தது. செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ பொம்மை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓட்டை போட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகுகள், நட்டுகள். விற்பனையாள் அதே துண்டுகளை வைத்து ஒரு பொம்மை செய்வார், கழற்றுவார், வேறொரு பொம்மை செய்வார். பார்த்துக்கொண்டிருந்த ரங்கநாதனுக்கு மனதை அரித்துக்கொண்டிருந்த ஒரு பிரச்சினைக்கு விடை கிடைத்தது.

ஒரு புத்தகம், ஒரே அலமாரியா?

அந்தப் பிரச்சினை இதுதான். அப்போது உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது மெல்வில் டூயியின் தசமப் பகுப்புமுறை (1876). மொத்த அறிவையும் பத்துப் பெரிய வகுப்புகளாக்கி, ஒவ்வொன்றையும் பத்தாக உடைத்து, அதையும் பத்தாக உடைத்துக்கொண்டே போவது. நமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால் ஃபோல்டருக்குள் ஃபோல்டருக்குள் ஃபோல்டர்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, வரைபடம் வரைந்தவர் எங்கே நிற்கிறாரோ அதுவே நடுவாகிவிடும். டூயியில் ஆங்கில இலக்கியத்துக்கு 820, மூன்றே இலக்கம். தமிழ் இலக்கியம் 894.811. மதத்துக்கு ஒதுக்கிய 200-களில் 220 முதல் 280 வரை கிறிஸ்தவம். மற்ற எல்லா மதங்களுக்கும் சேர்த்து 290. டூயி கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் சொல்லவில்லை. தன் முன்னால் இருந்த அமெரிக்கக் கல்லூரி நூலகத்தைப் பார்த்துப் போட்டார். நான் நிர்வாக வரைபடத்தைப் பார்த்து மெனு போட்ட மாதிரிதான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. தஞ்சாவூர்ப் பகுதியில் 1930-களில் நெற்பயிர் நோய்களைக் கட்டுப்படுத்தியது பற்றி ஒரு புத்தகம் என்று வையுங்கள். எந்த அலமாரியில் வைப்பீர்கள்? நெல்லிலா, நோயிலா, தஞ்சாவூரிலா? மரம் போன்ற அமைப்பில் ஒரு கிளையில்தான் தொங்கவிட முடியும். வாசகரோ எந்தக் கிளை வழியாகவும் ஏறி வருவார்.

மெக்கானோ சொன்ன விடை: முன்கூட்டியே எல்லாப் பொம்மைகளையும் செய்து வைக்காதே, துண்டுகளை மட்டும் வை. ஒவ்வொரு பொருளையும் அதன் முகங்களாகப் பிரி. எதைப் பற்றியது? நெல். அதில் எந்தப் பிரச்சினை? நோய். அதற்கு என்ன செய்தார்கள்? கட்டுப்படுத்தினார்கள். எங்கே? தஞ்சாவூர். எப்போது? 1930-கள். இந்தத் துண்டுகளை வேண்டியபடி திருகி மாட்டினால் பகுப்பு எண் தயார். துண்டுகளை இணைக்கும் திருகாக முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். அதனால் கோலன் பகுப்புமுறை என்று பெயர். 1925-இல் ஊர் திரும்பும் கப்பலிலேயே, அங்கிருந்த நூலகத்துப் புத்தகங்களை வைத்து முறையைச் சோதித்துப் பார்த்தாராம். புத்தகமாக வெளிவந்தது 1933-இல்.

கணித வேலை அப்புறம் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

ஐந்து விதிகள்

பகுப்புமுறையைவிட அவர் பெயரை நிலைக்க வைத்தது 1931-இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள்தான். கணிதக்காரர் அல்லவா, நூலகத்தில் செய்கிற ஆயிரம் வேலைகளும் நாலைந்து அடிப்படைகளிலிருந்து பிறக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். பிடிபடவில்லை. 1928-இல் அவருடைய பழைய கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸிடம் இந்தக் குழப்பத்தைச் சொல்ல, புத்தகம் பயன்படுத்தத்தானே இருக்கிறது, அதைத்தானே சொல்ல வருகிறாய் என்கிற பொருளில் ராஸ் ஒரே வரியில் முடித்துவிட்டாராம். அதுவே முதல் விதி. மற்ற நாலும் அதிலிருந்து வந்தன.

நம் பாஷையில் சொல்கிறேன். புத்தகம் இருப்பது பயன்படுவதற்கு, பாதுகாத்துப் பூட்டுவதற்கு அல்ல. எந்த வாசகர் வந்தாலும் அவருக்கானது ஒன்று அங்கே இருக்க வேண்டும். எந்தப் புத்தகமானாலும் அதற்கான வாசகரிடம் அது போய்ச் சேர வேண்டும். வாசகருடைய நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்.

முதல் தடவை படித்தபோது, இதில் என்ன இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றியது. பிறகு என் தளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாங்கள் ஏற்றியதெல்லாம் பயன்படுவதற்காக அல்ல, ஏற்றிவிட்டோம் என்று கணக்குக் காட்டுவதற்காக. மூன்றாவது விதி இன்னும் சுட்டது. இரண்டாவது விதி வாசகர் பக்கம் நின்று கேட்கிறது, மூன்றாவது புத்தகத்தின் பக்கம் நின்று கேட்கிறது: 'நான் இங்கே கிடக்கிறேன், எனக்கானவர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார், நீ என்ன செய்தாய்?' அந்த ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு வாயிருந்தால் என்னிடம் இதைத்தான் கேட்டிருக்கும்.

ரங்கநாதன் விதிகளை எழுதிவிட்டு நாற்காலியில் உட்காரவில்லை. வாசகர் பக்கத்தில் நின்று, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பேச்சுக்கொடுத்துக் கண்டுபிடித்து உதவுவதற்கென்றே நூலகத்தில் ஆட்களை வைத்தார். வருகிறவர் முதலில் கேட்பது ஒன்றாக இருக்கும், தேவைப்படுவது வேறாக இருக்கும். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது புரியும்.

நூலகத்துக்கு வர முடியாதவர்கள்? அதே 1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கினார். ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். வண்டி நிறையப் புத்தகங்களோடு கிராமம் கிராமமாகப் போனது. 1948-இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது, பின்னணியில் ரங்கநாதனின் பல வருட உழைப்பு. இன்றைக்கும் நம் வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சின்னத் தொகை போகிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

வலை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது

1994-இல் இரண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த தளங்களை வகைவகையாக அடுக்கினார்கள். அதுதான் யாஹூ. என் வயதுக்காரர்களுக்கு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அந்தப் பட்டியலில் இறங்கிய ஞாபகம் இருக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர். சில வகைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அட் குறி இருக்கும். 'இது உண்மையில் இங்கே இல்லை, வேறு கிளையில் இருக்கிறது, அழுத்தினால் அங்கே கூட்டிப்போகிறேன்' என்று அர்த்தம். கவனியுங்கள், வலையில் அலமாரியே கிடையாது. ஒரு பக்கத்தை ஐம்பது இடத்தில் வைக்கலாம், மரப்பலகை செலவில்லை. இருந்தும் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'உண்மையான' இடம் வேண்டும் என்ற டூயி காலத்து மனக்கணக்கு விடவில்லை. 2014 கடைசியில் அந்தப் பட்டியலை மூடினார்கள்.

நூலகத்துறை ஆட்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். லண்டனில் 1952-இல் தொடங்கிய பகுப்பாய்வுக் குழு, தகவல் தேடலுக்கே முகங்களாகப் பிரிக்கும் முறைதான் அடிப்படையாக இருக்க வேண்டும் என்று 1955-இலேயே எழுதி வைத்திருந்தது. வலைத்தளங்களில் தகவலை எப்படி அடுக்குவது என்பதற்கு 1998-இல் வந்த புகழ்பெற்ற கையேட்டை எழுதிய ரோசன்ஃபெல்டும் மோர்வில்லும் நூலகவியல் படித்தவர்கள். 2000-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் மார்ட்டி ஹெர்ஸ்ட் குழுவினர், முகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து தேடலைச் சுருக்கும் ஃபிளமென்கோ என்ற இடைமுகத்தைச் செய்து சோதித்தார்கள்.

இன்றைக்கு ஆன்லைனில் சேலை வாங்கும்போது பருத்தி, பச்சை, இரண்டாயிரத்துக்குள் என்று மூன்று டிக் போடுகிறோமே, அது ரங்கநாதனின் மெக்கானோதான். எந்த டிக்கை முதலில் போட்டாலும் அதே சேலைக்கு வந்து சேரலாம்.

அரசுத் தளங்களில் பெரிய மாற்றம் பிரிட்டனில் நடந்தது. 2012 அக்டோபரில் டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய தளங்களை மூடிவிட்டு கவ்.யூகே என்று ஒரே தளம் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவது, மக்களின் தேவையிலிருந்து தொடங்கு, அரசின் தேவையிலிருந்து அல்ல என்பது. எந்தப் பக்கமானாலும் யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக என்ற மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் உள்ளே வரலாம். முகப்பில் அமைச்சகங்களின் பெயர்கள் முன்னால் இல்லை. வண்டி ஓட்டுவது, வேலை, பிறப்பு, திருமணம், இறப்பு என்று வாழ்க்கையில் நடப்பவை இருந்தன. அங்கே பொது விடுமுறை என்று ஒரு பக்கம் உண்டு. திறந்தால் அடுத்த விடுமுறை எது என்று பெரிய எழுத்தில் முதலில் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தெரிந்துகொள்ளத்தானே வருகிறார்கள்! நாலாவது விதிக்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது.

அவர் தோற்ற இடம்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். கோலன் பகுப்புமுறையை உலகம் ஏற்கவில்லை. இந்தியாவிலேயே டூயியைத்தான் பெரும்பாலான நூலகங்கள் பயன்படுத்துகின்றன. காரணம், அந்தக் குறியீடு. எழுத்து, எண், காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி எல்லாம் சேர்ந்து, புத்தக முதுகில் ஒரு இயற்கணிதச் சமன்பாடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பதிப்பிலும் அவர் திருத்திக்கொண்டே போக, பழைய எண்களை மாற்றும் வேலை நூலகர்கள் தலையில் விழுந்தது.

வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று சொன்னவரின் முறையே படிக்க நேரம் பிடித்தது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அடுக்கும் அறிவு உள்ளே இருக்க வேண்டும், வாசகர் கண்ணில் படக்கூடாது. காகித அட்டையிலும் புத்தக முதுகிலும் அதை மறைக்க அவருக்கு வழியில்லை. எண்ணைக் கோத்துப் பிரிக்கும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர் யோசனை சுலபமானது. குறியீடு போய்விட்டது, யோசனை எங்கும் இருக்கிறது. சேலை வாங்குபவருக்கு அவர் பெயர் தெரிய வேண்டியதும் இல்லை.

கவுன்ட்டரில் நாலு நாள்

என் தளத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பத்தை பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். "உங்களுக்கு எப்படித் தம்பி கிடைச்சுது?" என்று கேட்டார். நான்தான் அதைத் தொலைத்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு நிறுவனத்தில் அனுமதி கேட்டு, கவுன்ட்டர் ஓரத்தில் நாலு நாள் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதினேன். ஒருவர்கூட 'நிதிப் பிரிவு' என்று சொல்லவில்லை. 'சுற்றறிக்கை' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. "பென்ஷன் வரலை", "அவர் தவறிட்டார், என்ன செய்யணும்", "அட்ரஸ் மாத்தணும்", "ஆஸ்பத்திரி பில்லு". பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்குள் முக்கால்வாசிப் பேர் அடங்கிவிட்டார்கள். அவற்றை முகப்பில் வைத்தோம். ஒரே பக்கத்தை ஓய்வூதியம் வழியாகவும் வரலாம், இறப்பு வழியாகவும் வரலாம், விண்ணப்பங்கள் வழியாகவும் வரலாம் என்று ஆக்கினோம். பிரிவுகளின் மெனு கீழே ஒரு மூலைக்குப் போனது. இரண்டு மேலாளர்களுக்கு என் மேல் இன்னும் வருத்தம்தான்.

வேலை முடிந்ததா என்றால் இல்லை. ஐந்தாவது விதி இருக்கிறதே, வளர்ந்துகொண்டே இருக்கும் என்று. போன மாதம் அந்தத் தளத்தைச் சும்மா திறந்து பார்த்தேன். முகப்பில் புதிதாக ஒரு பெட்டி முளைத்திருக்கிறது. 'சுற்றறிக்கைகள்'.

நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கவுன்ட்டருக்குப் போக வேண்டும்.